ஊர் இல்லை என்றொரு கோப்பு

பேரரசுகள் விட்டுப்போன கணக்குகள் – 17

சென்ற இதழில் கட்டாங்காவின் செம்புச் சுரங்கங்களோடு நிறுத்தியிருந்தோம். அங்கே நிலத்துக்கடியில் ஏதோ இருந்தது, அதற்காக அடித்துக்கொண்டார்கள். இந்த வாரம் நாம் போகிற இடத்தில் நிலத்துக்கடியில் ஒன்றும் கிடையாது. பவளப்பாறை, அதன்மேல் கொஞ்சம் மணல், மணலில் தென்னை, அவ்வளவுதான். ஆனாலும் அந்தத் தென்னந்தோப்பிலிருந்து ஒரு சனத்தையே கடைசி ஆள் வரைக்கும் ஏற்றி அனுப்பினார்கள். ஆட்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை, ஊர் எரியவில்லை. வேலையில் பெரும்பகுதி லண்டனில், மேசைமேல், பேனாவால் முடிந்துவிட்டது.

கன்னியாகுமரியிலிருந்து தெற்கே, சற்று மேற்காக ஒதுங்கி, ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் போனால் சாகோஸ் தீவுக்கூட்டம் வரும். ஏழு பவளத்திட்டுகள், அவற்றில் அறுபதுக்கு மேற்பட்ட சிறுதீவுகள். பெரியது டியேகோ கார்சியா. படத்தில் பார்த்தால் ஈர மணலில் பதிந்த காலடி போல இருக்கும். நடுவில் கடற்படை முழுவதையும் நிறுத்தலாம் போன்ற ஆழமான காயல். அந்தக் காயல்தான் பிற்பாடு தீவின் விதியாகியது. (2021 அக்டோபரில் ஈழத்தமிழர்கள் ஏறிவந்த படகு ஒன்று வழிதவறி இந்தத் தீவில் கரைசேர்ந்த கதை பலருக்கு நினைவிருக்கும். அது இத்தொடரில் பின்னால் வரும்.)

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மொரீஷியசிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தென்னை வைத்தார்கள். மரமேறவும் காய் உரிக்கவும் மொசாம்பிக், மடகாஸ்கர் பக்கத்திலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். நெப்போலியன் தோற்றபின், 1814இல், மொரீஷியசோடு சேர்ந்து இந்தத் தீவுகளும் பிரிட்டனுக்குப் போயின. 1835இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. அதன்பின் இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளும் சிலர் சேர்ந்தார்கள். கொப்பரையும் எண்ணெயும் கப்பலேறின. 'எண்ணெய்த் தீவுகள்' என்றே மொரீஷியஸ்காரர்கள் இவற்றைச் சொன்னார்கள்.

நூற்றைம்பது ஆண்டுகளில் அங்கே ஒரு சனம் உண்டாகிவிட்டது. தங்களுக்கென்று ஒரு கிரியோல் பேச்சு, ஒரு மாதாகோயில், கல்லறைகள், சனிக்கிழமை இரவுகளில் சேகா ஆட்டம். நிலமோ தோட்டக் கம்பெனியுடையது. கூலி சொற்பம், அரிசியும் எண்ணெயும் பங்கீடாக வரும். ஆனால் வீட்டைச் சுற்றிக் கோழி, பன்றி, காய்கறிப் பாத்தி, எதிரே மீன் நிறைந்த கடல். சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். தோட்ட முதலாளியின் ராஜ்யம் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், நம் மலையகத்து லயங்களை அறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எனினும் பிறந்த இடமும் பாட்டன் பூட்டன் புதைந்த இடமும் ஒன்றாக இருந்தால் அதற்குப் பெயர் ஊர்தான்.

இந்த ஊருக்குச் சனி பிடித்தது வாஷிங்டனில். ஐம்பதுகளின் முடிவில் அமெரிக்கக் கடற்படைத் திட்டப் பிரிவில் ஸ்டூவர்ட் பார்பர் என்றொரு சிவில் அதிகாரி உட்கார்ந்து வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் ஒவ்வொன்றாக விடுதலை அடைகின்றன. விடுதலை அடைந்த நாட்டில் அந்நியத் தளம் நிலைக்காது, இன்றில்லாவிட்டால் நாளை 'வெளியே போ' என்பார்கள். ஆகவே கரையிலிருந்து எட்டி, சின்னதாக, விடுதலை கேட்க ஆளில்லாததாகத் தீவுகளைப் பார்த்து, அவை காலனிகளாக இருக்கும்போதே கைப்பற்றி வைத்துக்கொள்ள வேண்டும். இது அவர் போட்ட கணக்கு. கணக்கு என்ற அளவில் அதில் பிழையில்லை. 'ஆளில்லாத' என்ற ஒரு சொல்தான் டியேகோ கார்சியாவுக்குப் பொருந்தவில்லை. சொல்லுக்கு ஏற்றபடி தீவை மாற்றினார்கள். பார்பர் தம் முதிய வயதில், அந்த மக்களை வெளியேற்றியிருக்கவே தேவையில்லை என்று வருந்தி எழுதினார். அதற்குள் முப்பது ஆண்டு கழிந்துவிட்டது.

1964இல் பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் 'டாம்பியர்' என்ற கப்பலில் வந்து தீவுகளை அளந்துகொண்டு போனார்கள். முதலில் ஆல்டாப்ரா தீவின்மேலும் ஒரு கண் இருந்தது. அங்கே மனிதர்கள் அதிகம் இல்லை, ராட்சத ஆமைகள் உண்டு. ஆமைகளுக்கு ஆபத்து என்று தெரிந்ததும் லண்டனின் ராயல் சொசைட்டியும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியனும் எழுந்து நின்றன. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் டாம் டாலியல் கேள்விமேல் கேள்வி போட்டார். பவுண்டின் மதிப்புக் குறைப்பும் சேர்ந்துகொள்ள, 1967 நவம்பரில் ஆல்டாப்ராத் திட்டம் கைவிடப்பட்டது. ஆமைகள் பிழைத்தன, அவை பிழைத்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. சாகோஸ்காரர்களுக்காகப் பேச அப்படியொரு சங்கம் லண்டனிலும் இல்லை, வாஷிங்டனிலும் இல்லை.

தீவுகளைக் கைப்பற்ற ஒரு தடை இருந்தது. சாகோஸ் அப்போது மொரீஷியசின் பகுதி. மொரீஷியஸ் விடுதலை கேட்டு வாசலில் நிற்கிறது. ஒரு காலனிக்கு விடுதலை கொடுக்கும் முன் அதை வெட்டித் துண்டாக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 1960லேயே, 1514ஆம் தீர்மானத்தில், சொல்லியிருந்தது. 1965 செப்டம்பரில் லண்டன் லங்காஸ்டர் ஹவுசில் மொரீஷியஸ் அரசியலமைப்பு மாநாடு நடந்தது. 23ஆம் தேதி காலையில் பிரதமர் ஹரோல்ட் வில்சன், மொரீஷியஸ் தலைவர் சீவூசாகர் ராம்கூலாமைத் தனியே சந்தித்தார். சந்திப்புக்கு முன்னால் வில்சனின் அந்தரங்கச் செயலர் எழுதிக் கொடுத்த குறிப்பு இன்று யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கிறது. நம்பிக்கையைக் காட்டியே அவரைப் பயமுறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். விடுதலை கிடைக்கும் என்பது நம்பிக்கை. சாகோஸ் விஷயத்தில் புத்தியாக நடக்காவிட்டால் கிடைக்காமல் போகலாம் என்பது பயம்.

ராம்கூலாம் புத்தியாக நடந்துகொண்டார். முப்பது லட்சம் பவுண்டு இழப்பீடு பேசி முடிந்தது. விலை போதாது என்று மொரீஷியசில் காயித்தான் துவாலின் கட்சி அமைச்சரவையிலிருந்து வெளியேறியது. போதாது என்றார்களே தவிர, தீவில் இருப்பவர்களை என்ன செய்யப்போகிறீர்கள் என்ற கேள்வி அந்தச் சண்டையில் முன்னுக்கு வரவில்லை. ராம்கூலாமைத் துரோகி என்று சொல்பவர்கள் மொரீஷியசில் உண்டு. ஒரு கையில் நாட்டின் விடுதலை, மறுகையில் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் தான் கண்ணால் கண்டிராத தென்னந்தோப்பு என்று ஒருவரை நிறுத்தினால் அவர் எதைப் பிடித்துக்கொள்வார் என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கட்சி சரியென்று படுகிறது. ஆனால் அந்த மக்களுக்கு அவர் பின்னாளில் செய்ததை, இன்னும் சொன்னால் செய்யாததை, இந்தக் காரணத்தால் மூடிவிட முடியாது.

1965 நவம்பர் 8. நாடாளுமன்றத்தில் விவாதம் எதுவும் இல்லாமல், அரசியின் பெயரால் ஓர் ஆணை வந்தது. சாகோசையும் செஷல்சின் மூன்று தீவுகளையும் சேர்த்து 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி' என்று ஒரு புதுக் காலனி பிறந்தது. உலகம் முழுக்கக் காலனிகளைக் கலைத்துக்கொண்டிருந்த பிரிட்டன், கடைசியாக உண்டாக்கிய காலனி அது. 1966 டிசம்பர் 30இல் அமெரிக்காவோடு குறிப்புப் பரிமாற்றம்: ஐம்பது ஆண்டு, வேண்டுமானால் மேலும் இருபது. வாடகை எதுவும் எழுதப்படவில்லை. எழுதாமல் ஒன்று நடந்தது. பிரிட்டன் வாங்கவிருந்த போலாரிஸ் ஏவுகணைகளின் விலையில் 1.4 கோடி டாலரை அமெரிக்கா சத்தமில்லாமல் தள்ளிக்கொடுத்தது. அமெரிக்கக் காங்கிரசுக்கும் தெரியாது, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கும் தெரியாது. பத்தாண்டு கழித்துத்தான் அது வெளியே வந்தது.

இனிதான் கோப்பின் கதை.

ஐ.நா. சாசனத்தின் 73ஆம் பிரிவு ஒரு தொல்லை பிடித்த பிரிவு. தன்னாட்சி இல்லாத பகுதியை ஆளும் நாடு, அங்கே வாழும் மக்களின் நலனைப் புனிதப் பொறுப்பாக ஏற்க வேண்டும் என்கிறது. அதோடு விடாமல், அந்த மக்களின் நிலைமையைப் பற்றி ஐ.நா.வுக்கு ஒழுங்காகத் தகவல் அனுப்பவும் சொல்கிறது. அனுப்பினால் காலனி ஒழிப்புக் குழு கேள்வி கேட்கும், பார்க்க வருகிறோம் என்னும், வாக்கெடுப்பு நடத்து என்னும். வெள்ளைமாளிகைக்கு வேண்டியது கேள்வி கேட்க ஆளில்லாத தீவு. ஆகவே லண்டன் அதிகாரிகள் பிரிவைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். அது மக்களைப் பற்றியது. மக்களே இல்லையென்றால்?

இருக்கிறார்களே. அறுபதுகளில் சாகோஸ் சனம் 1,500க்கும் 2,000க்கும் இடையில் என்று கணக்கிடப்படுகிறது. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று அங்கேயே பிறந்தவர்கள் அவர்களில் உண்டு என்பது அதிகாரிகளுக்குத் தெரியும், அவர்கள் எழுதிய தாள்களே சொல்கின்றன. ஆட்களை இல்லாமல் ஆக்குவதற்கு முன்னால் சொல்லை மாற்றினார்கள். இவர்கள் குடிகள் அல்லர், கொப்பரை வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்துபோகும் கூலியாட்கள், நிரந்தரவாசி என்று எவரும் இல்லை. கையில் தற்காலிக வசிப்பு அனுமதிச் சீட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதுவே சாட்சியாகிவிடும் என்றும் யோசனை போனது. பிறந்த வீட்டில் விருந்தாளியாக இருக்க ஒரு சீட்டு!

1966 ஆகஸ்டில் அந்தக் கோப்பு வெளியுறவு அலுவலகத்தின் நிரந்தரச் செயலர் பால் கோர்-பூத்தின் மேசைக்கு வந்தது. முந்தைய ஐந்தாண்டு டெல்லியில் பிரிட்டிஷ் ஹைகமிஷனராக இருந்தவர், புதிதாக விடுதலை பெற்ற நாடு எப்படிப் பேசும் என்பதை அருகிருந்து பார்த்தவர். நாம் கண்டிப்பாக நிற்க வேண்டும் என்று எழுதினார். நமக்கு வேண்டியது நம்முடையதாகவே இருக்கப்போகிற சில பாறைகள், கடற்காக்கைகளைத் தவிர அங்கே பூர்வகுடிகள் இருக்கமாட்டார்கள், காக்கைகளுக்கு ஐ.நா.வில் இன்னும் குழு இல்லை என்று ஒரு நகைச்சுவையும் சேர்த்தார். கோப்பு கீழே இறங்கியது. அதிகாரி டெனிஸ் கிரீன்ஹில் தம் பங்குக்கு எழுதினார்: பறவைகளோடு கூட, துரதிர்ஷ்டவசமாக, எங்கிருந்து வந்தார்கள் என்று தெளிவில்லாத சில டார்சன்களும் ஃபிரைடேக்களும் இருக்கிறார்கள், அவர்களை மொரீஷியஸ் தலையில் கட்டலாம் என்று நம்புகிறோம். ஃபிரைடே என்பது ராபின்சன் குரூசோவுக்குத் தீவில் கிடைத்த வேலைக்காரனின் பெயர்.

இந்த வரிகளை மேற்கோள் காட்டாத சாகோஸ் கட்டுரையே இல்லை, நானும் அதே வரிசையில் நிற்கிறேன். ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்வது வேறொரு தாள். 1970 ஜனவரியில் அதே அலுவலகத்தின் சட்ட ஆலோசகர் ஒருவர், தீவுக்கு வேண்டிய குடிவரவுச் சட்டத்தைப் பற்றிப் பொறுமையாகக் குறிப்பு வரைகிறார். அதில் ஒரு பத்திக்கு அவர் கொடுத்த தலைப்பு: 'புனைவைக் காப்பாற்றுதல்'. கேலி இல்லை, ஆத்திரம் இல்லை. இது புனைவு என்று தனக்குத் தெரியும், படிக்கப்போகிறவருக்கும் தெரியும், அதைக் காப்பாற்றும் வழி இன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவன்கூட அப்படித் தலைப்புப் போட்டுவிட்டு மறைக்கமாட்டான்.

தாளில் முடிந்தது தரையில் மெதுவாகத் தொடங்கியது. 1967இல் புதுக் காலனி தோட்டங்களைக் கம்பெனியிடமிருந்து 6,60,000 பவுண்டுக்கு எடுத்துக்கொண்டது. அந்தத் தொகையை நினைவில் வையுங்கள். அதுவரை தீவுக்காரர்கள் பிரசவத்துக்கோ வைத்தியத்துக்கோ சொந்தக்காரர்களைப் பார்க்கவோ மொரீஷியஸ் போவார்கள், சில மாதம் தங்கிவிட்டு அடுத்த கப்பலில் திரும்புவார்கள். 1968 முதல் திரும்பும் கப்பலில் அவர்களுக்கு இடமில்லை.

ரீத்தா பாங்கூல் அந்த ஆண்டு, சாகோசின் பெரோஸ் பான்யோஸ் திட்டிலிருந்து, வண்டிச்சக்கரத்தில் கால் நசுங்கிய தன் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு மொரீஷியசின் போர்ட் லூயிக்கு வந்தவர். சிகிச்சை பலிக்காமல் குழந்தை இறந்தது. அடக்கம் முடித்து ஊர் திரும்பச் சீட்டுக் கேட்கப் போனபோது, உங்கள் தீவை விற்றாகிவிட்டது, நீங்கள் இனிப் போக முடியாது என்றார்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். அவருக்குப் பக்கவாதம் வந்து கை கால் விழுந்தது. அந்தத் தம்பதியின் மகன்களில் ஒருவனுக்கு அப்போது நான்கு வயது, பெயர் ஒலிவியே. பின்னால் எலக்ட்ரீஷியன் ஆனான். பிரிட்டிஷ் அரசுக்கு இவனால் வந்த தலைவலி வரும் இதழ்களில்.

தீவிலேயே இருந்தவர்களுக்குச் சாமான் கப்பல் குறைந்தது. அரிசி, பால்மாவு, மருந்து எல்லாம் அருகின. வைத்தியம் பார்த்தவர்களும் கிளம்பினார்கள். போகச் சொல்லாமலே போகவைக்கும் வித்தை இது. 1971 ஜனவரி 24ஆம் தேதி காலை, டியேகோ கார்சியாவின் ஈஸ்ட் பாயிண்டில் ஊரைக் கூட்டி, தீவை மூடப்போகிறோம் என்று அதிகாரி அறிவித்தார். மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் படை புல்டோசர்களோடு இறங்கியது. ஏப்ரல் 16இல் செஷல்சிலிருந்த ஆணையர் புரூஸ் கிரேட்பாட்ச் குடிவரவு ஆணையில் கையெழுத்திட்டார்: அனுமதிச் சீட்டு இல்லாமல் எவரும் அங்கே நுழையவோ இருக்கவோ கூடாது. சீட்டு எவருக்கும் கொடுக்கப்படவில்லை. சிலரையாவது விட்டுவைக்கலாமா என்று வாஷிங்டனில் கேள்வி எழுந்தபோது, கடற்படைத் தலைவர் அட்மிரல் ஸம்வால்ட் ஓரத்தில் மூன்றே ஆங்கிலச் சொற்களில் பதில் எழுதினார்: கட்டாயம் போயே ஆகவேண்டும்.

முதலில் போனவை நாய்கள். ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கை, ஏறக்குறைய எல்லாம் வீட்டு நாய்கள். கிரேட்பாட்சின் உத்தரவு. சுட்டுப் பார்த்தார்கள், விஷம் வைத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் கொப்பரை காயவைக்கும் கொட்டகைக்குள் அவற்றை இறைச்சி காட்டி அடைத்து, வண்டிகளின் புகைக்குழாயை உள்ளே திருப்பிவிட்டார்கள். வெளியே பிள்ளைகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாய்களுக்குப் பின் நமக்குத்தான் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்களாம். மிரட்டல் என்று எந்தக் கோப்பிலும் இது எழுதப்படவில்லை.

'நார்ட்வேர்' என்ற சரக்குக் கப்பல் அவர்களை ஏற்றியது. ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய். சிலர் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள், திரும்பிவரப் போகிறவர்களைப்போல. தோட்டத்துக் குதிரைகளுக்கு மேல்தளத்தில் இடம். கீழே பறவை எச்ச உர மூட்டைகள்மேல் பெண்களும் குழந்தைகளும். செஷல்சில் அடுத்த பயணத்துக்குக் காத்திருந்தபோது சிலரைத் தங்கவைத்த இடம் சிறைச்சாலை. 1971 அக்டோபரில் டியேகோ கார்சியா காலியானது. எஞ்சியவர்கள் சாகோசின் மற்றத் திட்டுகளான சாலமோனுக்கும் பெரோஸ் பான்யோசுக்கும் நகர்த்தப்பட்டார்கள், பிறகு அங்கிருந்தும்.

அதே 1971 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, இலங்கை முன்வைத்த யோசனையை ஏற்று, இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவித்தது. டெல்லியும் கொழும்பும் பல ஆண்டு அந்த ஒரு தீவின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தன. தளத்தைப் பற்றி, போர்க்கப்பல்களைப் பற்றி, அணுகுண்டைப் பற்றிச் சரியாகவே பேசினார்கள். தளத்துக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்ற பேச்சு மட்டும் அவர்கள் மேடையில் ஏறவில்லை. புனைவு எதிர்ப்பாளர்களிடமும் வேலை செய்திருக்கிறது.

1973இல் பெரோஸ் பான்யோசிலிருந்து கடைசித் தொகுதியோடு நார்ட்வேர் போர்ட் லூயி துறைமுகத்தில் நின்றது. ஏறக்குறைய 125 பேர். இறங்கமாட்டோம் என்று கப்பலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எங்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடுங்கள், இல்லையேல் வீடு கொடுங்கள். நாட்கள் போயின. கொஞ்சம் பணமும் இடிந்த வீடுகளும் தருவதாகச் சொல்லி இறக்கினார்கள். வீடுகளில் சிலவற்றில் கால்நடைகள் கட்டியிருந்தன. முன்னால் வந்தவர்கள் ஏற்கெனவே அந்நகரின் காசி, ரோஷ் புவா சேரிகளில் தகரத்துக்குக் கீழே ஒதுங்கியிருந்தார்கள். தேங்காய் உரிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த நகரத்தில் வேலையில்லை, அங்கே படித்தவர்களுக்கே இல்லை. மனம் விட்டுப்போய் இறந்தவர்களை அவர்கள் 'சக்ரென்' கொண்டுபோய்விட்டது என்பார்கள். துயரம் என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் அவர்கள் அதைக் காய்ச்சலைப் போல ஒரு நோயின் பெயராகவே சொல்கிறார்கள்.

1972இல் இவர்களைக் குடியமர்த்தவென்று பிரிட்டன் மொரீஷியஸ் அரசுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட மொத்தத் தொகை 6,50,000 பவுண்டு. தோட்டக் கம்பெனிக்குக் கொடுத்ததைவிடப் பத்தாயிரம் குறைவு. அதுவும் அந்தச் சேரிகளுக்கு வந்துசேர 1977 ஆயிற்று. முன்னே சொன்னேனே, ராம்கூலாம் செய்யாதது என்று, அது இது.

1974இல் 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி' புதுத் தபால்தலைகள் வெளியிட்டது. நார்ட்வேர் கப்பலில் மிதக்கும் அஞ்சலகம் தொடங்கி ஐந்தாண்டு நிறைந்ததைக் கொண்டாடும் தலைகள். கடிதம் எழுதச் சாகோசில் அப்போது படைக்காரர்கள்தான் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1975இல், லண்டன் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு பதிவானது. டியேகோ கார்சியாவை விட்டுத் தன்னை அச்சுறுத்தி வெளியேற்றியதாக ஒருவர் நட்டஈடு கேட்டார். பிரதிவாதி, பிரிட்டிஷ் அரசின் அட்டர்னி ஜெனரல். வாதியின் பெயர் மிஷேல் வென்கடாசென். நம் காதுக்கு அது வெங்கடேசன்.

(தொடரும்)